மேனேஜர் கொடுத்த ஐபோன்

குக் தால்சு யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவன் இல்லை. வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு விடுகிற கம்பெனி ஒன்றின் டேஜோன் நகரக் கிளைக்கு அவன் மேனேஜர். ஊர் முழுக்கச் சுத்தமான தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பிழைக்கிறவன், தன் ஆபீஸில் ஊழியர்கள் குடிக்கிற இயந்திரத்துக்கு ஃபில்டர் மாற்ற ஒருநாளும் கை நீட்டியதில்லை. அப்படிப்பட்ட மகாபிரபு, இலையுதிர்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், பன்றி இறைச்சி சுடும் கடையில் கிளையின் பெண்கள் அத்தனை பேரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு புது ஐபோனை நீட்டினான்.

"மண்டலத்துலேயே நம்ம கிளைதான் முதல்ல வந்திருக்கு. எல்லாம் உங்க உழைப்பு. என் பாக்கெட்லேர்ந்து கொடுக்கறேன், வாங்கிக்கோங்க" என்றான். முகம் சோஜு சாராயத்தில் சிவந்திருந்தது.

பெண்கள் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தாமல் என்ன செய்வார்கள்? அத்தனை பேரும் வீடு வீடாக ஏறி இறங்கி ஃபில்டர் மாற்றுகிறவர்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பதற்காகச் சொந்தப் பிள்ளைகளிடமே 'கிழவி போன்' என்று பேச்சு வாங்குகிறவர்கள். ஐம்பத்தைந்து தாண்டிய மால்சுன் அக்கா பெட்டியைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

"என் மக இனிமே என்னைப் பக்கத்துல வச்சு போட்டோ எடுப்பா பாரு" என்றாள்.

ஒக்ஜு மட்டும் கத்தவில்லை. இறைச்சித் துண்டைக் கீரை இலையில் சுருட்டி வாயில் போட்டு மெதுவாக மென்றபடி மேனேஜரைப் பார்த்தாள். இந்த ஆளின் பாக்கெட் எதற்காகத் திறந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை சொல்லிவைத்துவிட்டால் வருகிற அழைப்பு, போகிற அழைப்பு எல்லாவற்றையும் தானே பதிவு செய்துகொள்ளும். எதிரில் பேசுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. சட்டமும் குற்றம் சொல்லாது. அந்த ஊரில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் இதை நம்பித்தான் பழைய போனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐபோன் பதிவு செய்யாது என்பது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

பதிவான குரல் என்ன செய்யும் என்பது தால்சுவுக்குப் பட்டுத் தெரிந்த சங்கதி. போன வருஷம் ஜோங்நிம் என்ற பெண், அம்மா செத்துப்போன அன்றைக்கு அழுதுகொண்டே விடுப்பு கேட்டாள். "பொணம் எங்கயும் ஓடிப்போயிடாது, மிச்ச வீட்டை முடிச்சிட்டுப் போ" என்றான் இவன். அந்தக் குரலை அவள் தலைமை அலுவலகத்தில் போட்டுக் காட்டினாள். எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நின்று இடுப்பை வளைத்து இவன் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. ஜோங்நிம் வேலையை விட்டுப் போய்விட்டாள். ஆனால் அந்தக் குனிவை இவன் மறக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் போனில் தேனாகப் பேசினான்.

தேன் சூசோக் பண்டிகை வரைக்கும்தான் தாங்கியது. பண்டிகைக்கு ஊரே சொந்த ஊர் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடந்தன. மாத முடிவில் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பதற்றத்தில் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கத்தினான். "பூட்டின வீட்டையெல்லாம் பாத்தாச்சுன்னு ஆப்ல போட்டுடு. வீட்டுக்காரங்க கையெழுத்தா? நீயே விரலால கிறுக்கு. எவன் பாக்கப் போறான்? நான் பொறுப்பு." கணக்கு முடிந்து மூச்சு விட்ட பிறகுதான் தன் குரல் எத்தனை போன்களில் உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இறைச்சி, இந்த சோஜு, இந்த ஐபோன்.

அவன் கையில் இருந்தது என்னவோ பழைய ஆண்ட்ராய்டுதான். அதை மாற்றிக்கொள்கிற யோசனை அவனுக்கு இல்லை.

மேஜையின் மறுகோடியில் அவனுடைய மச்சினி உட்கார்ந்திருந்தாள். போன் கடை வைத்திருப்பவள். சதை கருகுகிற புகைக்கு நடுவே, ஒருத்தி பின் ஒருத்தியாகப் பழைய போனை வாங்கி, புதியதோடு பக்கத்தில் வைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழையதைத் திருப்பித் தந்தால்தான் தள்ளுபடியாம். காலியானவை அவள் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் விழுந்தன.

ஒக்ஜுவின் முறை வந்தது.

"பழசை நான் வச்சுக்கறேனே" என்றாள் ஒக்ஜு.

மச்சினி பதில் சொல்வதற்குள் தால்சு குரல் கொடுத்தான். "ஏம்மா, எல்லாரும் கொடுக்கறாங்க, உனக்கு மட்டும் என்ன? அதுல என்ன புதையலா வச்சிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மால்சுன் அக்கா அவள் தொடையில் கிள்ளி, "கொடுத்துத் தொலையேன், காரியத்தைக் கெடுக்காத" என்று முணுமுணுத்தாள்.

"எல்லாம் வந்துடுமா?" என்று ஒக்ஜு மச்சினியைக் கேட்டாள். "போட்டோ மட்டும் இல்ல. எல்லாமே?"

"ஒண்ணு விடாம வந்துடும் அக்கா. நான் தினம் செய்யற வேலை."

போட்டோ வந்தது. பெயர்கள் வந்தன. பேசிய அரட்டைகள் வந்தன. நாய்க்குட்டிப் படம் வைத்த அலாரம்கூட வந்துவிட்டதைப் பார்த்து ஒக்ஜுவுக்கு நம்பிக்கை வந்தது. 'எல்லாவற்றையும் அழிக்கலாமா?' என்று பழைய போன் கேட்டபோது அவள் விரலே 'ஆம்' என்று அழுத்தியது. அந்த ஒரு அழுத்தலுக்காக அவள் பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்ட திட்டை இங்கே எழுத முடியாது.

சனியும் ஞாயிறும் புது போனோடு மல்லுக்கட்டுவதில் போயின. பழையதில் கீழே ஓர் அம்புக்குறி இருக்கும், தொட்டால் வந்த வழியே திரும்பிப் போகலாம். இதில் அது இல்லை. அவள் கட்டைவிரல் இல்லாத இடத்தைக் குத்திக் குத்தி ஏமாந்தது. கணவனுக்கு அனுப்ப வேண்டிய 'பச்சை வெங்காயம் வாங்கிட்டு வா' ஒரு வாடிக்கையாளருக்குப் போனது. எதைத் தொட்டாலும் எங்கேயோ கொண்டுபோய் விட்டது. பெரிய இடத்து மருமகள் மாதிரி இது, நாம்தான் அதன் மனம் அறிந்து நடக்க வேண்டும் என்று அவள் எரிச்சல்பட்டாள்.

திங்கட்கிழமை காலை வெடித்தது. அந்தப் பகுதித் தாய்மார்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பெயர் கெட்டால் ஓட்டல்காரன் கடையை மூட வேண்டும், டாக்டர் ஊரைக் காலி செய்ய வேண்டும். அதில் ஓர் இளம் தாய் படம் போட்டிருந்தாள். தண்ணீர் இயந்திரத்தின் உள்தொட்டியில் கருப்பாக, வழுவழுவென்று பூசணம். 'ஃபில்டர் மாற்றியதாக என் பெயரில் கையெழுத்து இருக்கிறது. யாரும் வரவே இல்லை. இந்தத் தண்ணீரில்தான் என் குழந்தைக்குப் பால் கலக்கினேன். வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.' கீழே கொதித்துப்போன தாய்மார்கள் குவிந்திருந்தார்கள். கையெழுத்தைக் கிறுக்கியவளின் பெயரைச் சொல், முகத்தைக் காட்டு என்று கேட்டார்கள்.

அந்த வீடு ஒக்ஜுவுடையது. அவள் பார்க்க வேண்டிய வீடு, அவள் விரலால் கிறுக்கிய கையெழுத்து. தன் மேல் தப்பில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளவில்லை. 'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் தப்பு தன் ஒருத்தியுடையது இல்லை என்பதற்குச் சாட்சி கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

தால்சு எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினான். "பச்சைக் குழந்தை குடிக்கிற தண்ணி! போகாத வீட்டுக்குப் போனேன்னு போடறதுக்கு எப்படி மனசு வந்துச்சு? நீயும் ஒரு தாய்தானே?"

"நீங்கதான் சார் போடச் சொன்னீங்க" என்றாள் ஒக்ஜு.

"நானா? எப்போ?"

"சூசோக் அப்போ. போன்ல. எங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

தால்சு மற்ற பெண்களைப் பார்த்தான். "சொன்னேனா? யார்கிட்டயாவது சொன்னேனா?"

மால்சுன் அக்கா தன் புது போனின் உறையைச் சரிசெய்தாள். ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அடுத்த கையெழுத்து தன்னுடையதாக வெளியே வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்கிட்ட இருக்கு சார்" என்றாள் ஒக்ஜு. "உங்க குரலே இருக்கு."

"இருந்தா போடு. நாங்களும் கேக்கறோம்."

அவன் இவ்வளவு நிதானமாக இருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் போனை எடுத்தாள். கோப்புகளைத் திறந்தாள், மூடினாள். இல்லாத அம்புக்குறியைத் தேடினாள். போட்டோ இருந்தது. அரட்டை இருந்தது. நாய்க்குட்டி அலாரம் இருந்தது. பதிவான அழைப்புகள் மட்டும் ஒன்றுகூட இல்லை. அவை ஒரு போனிலிருந்து மற்றதற்குத் தாண்டுகிற சாதி இல்லை என்பதை, இருபது கண்கள் பார்க்கத் தெரிந்துகொண்டாள்.

"என்னம்மா, புதையல் கிடைக்கலியா?" என்றான் தால்சு.

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு இருமலாக மாற்றினாள். ஒக்ஜுவுக்குக் காது மடல் எரிந்தது. இந்த ஆளின் பல்லை உடைக்க வேண்டும் என்று அவளுக்கு மெய்யாகவே கை துடித்தது.

அன்று மதியமே மச்சினியின் கடைக்குப் போனாள்.

"ஒண்ணு விடாம வரும்னு சொன்னியே?"

"போட்டோ வந்துச்சுல்ல?"

"பேசினதெல்லாம் எங்க?"

"அதெல்லாம் வராது அக்கா. அந்த போன் வேற, இந்த போன் வேற. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." மச்சினி நகத்தைப் பார்த்தபடி பேசினாள். "அழிக்கலாமான்னு கேட்டப்ப 'ஆம்'னு அமுக்கினது நீங்கதானே? என் கையா அமுக்குச்சு?"

"பழசு எங்க?"

"அன்னிக்கே போயிடுச்சு."

"உன் மாமன் சொல்லிக் கொடுத்தானா, இல்ல நீயே கத்துக்கிட்டியா?"

"கடைக்கு ஆள் வர்ற நேரம். வெளிய போய் கத்துங்க" என்றாள் மச்சினி.

வேறு வழி இருக்கிறதா என்று ஒக்ஜு விசாரித்துப் பார்த்தாள். பெரிய கம்பெனிகளின் இணைப்பாக இருந்தால் ஐபோனிலும் பதிவு செய்ய அவர்களே ஓர் ஆப் கொடுக்கிறார்களாம். அவளுடையது மலிவு இணைப்பு, அதற்குக் கிடையாது. ஏதோ ஓர் அலை மாதிரிச் சின்னம், பேசும்போது திரையின் மூலையில் தெரிவதைப் பார்த்திருந்தாள். அதைத் தொட்டால் அழைப்பு துண்டித்துவிடுமோ, யாருக்காவது வீடியோ போய்விடுமோ என்று பயந்து தொடாமல் விட்டாள்.

புதன்கிழமைக்குள் தாய்மார்கள் குழுவில் அவள் பெயரின் முதல் எழுத்து வந்துவிட்டது. அவள் குடியிருப்பதும் அதே பகுதிதான். காய்கறிக் கடையில் வழக்கமாகச் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. இன்னும் ஓரிரு நாளில் முழுப்பெயரும் வரும். அதற்கப்புறம் இந்த வேலை இல்லை, எந்த வேலையும் இல்லை. குழந்தைக்கு விஷத் தண்ணீர் கொடுத்தவள் என்ற பெயரோடு அந்தத் தெருவில் நடக்க வேண்டும். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அன்று பிற்பகல் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி நடையில், பையைத் தரையில் வைத்துவிட்டு லிஃப்டுக்காக நின்றிருந்தாள். போன் அடித்தது. மேனேஜர். கையில் ஈரக் கையுறை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க இருக்க?"

"வேலையில இருக்கேன் சார்."

"சாயங்காலம் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ. போகாத வீட்டுக்கு நானே கையெழுத்துப் போட்டேன், யாரும் சொல்லல, சொந்த விருப்பத்துல விலகறேன். அவ்வளவுதான். நான் எழுதி வச்சிருக்கேன்."

"போட மாட்டேன் சார்."

"போடலைன்னா நாளைக்கு அவங்க முன்னாடி உன்னை போலீஸ்ல கொடுக்கச் சொல்லுவேன். உன் பையன் படிக்கிற பள்ளிக்கூடத்துத் தாய்மாருங்களும் அந்தக் குழுவுலதான் இருக்காங்க, தெரியுமில்ல? முழுப்பேரு போடறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஏய், ஃபில்டர் கழுவற உனக்கு இவ்வளவு திமிரா?"

பையனை இழுத்ததும் அவளுக்குக் கண் இருண்டது. பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. எது ஆனாலும் ஆகட்டும் என்று கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பிவிட்டு, மூலையில் இருந்த அந்த அலைச் சின்னத்தை அமுக்கினாள்.

பழைய போன் சத்தமில்லாமல் செய்ததை இதுவும் அப்படியே செய்யும் என்றுதான் நினைத்தாள். ஐபோனுக்கு அந்த ரகசிய புத்தி கிடையாது. மணி அடித்தது மாதிரித் தெளிவான ஒரு பெண் குரல், நடை முழுக்க எதிரொலிக்க, மறுமுனைக்கும் கேட்க, அறிவித்தது: "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

தொலைந்தது, இதுவும் போனது, காட்டிக்கொடுத்துவிட்டது என்று ஒக்ஜு நினைத்தாள். திரையில் சிவப்பாக நேரம் ஓட ஆரம்பித்திருந்தது. லிஃப்ட் வந்து, திறந்து, ஆள் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"யாரது?" என்றான் தால்சு.

அவளுக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்த மௌனம்தான் அவனைக் கவிழ்த்தது. ஐபோன் பதிவு செய்யாது. அது அவன் தன் பணத்தைப் போட்டு வாங்கிய உண்மை. சமீபத்தில் அதற்கும் அந்த வசதி வந்துவிட்டது என்பது அவன் காதுக்கு எட்டவில்லை. அப்படியானால் பதிவு செய்வது இவள் இல்லை. இந்தக் குரலை அவன் கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் போன் செய்யும்போது கேட்டிருக்கிறான். மேலிடத்துக் குரல் அது. மேலிடம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு இன்றைக்கே லைனுக்குள் நுழைந்துவிட்டது.

"சார்... தலைமை அலுவலகமா? விசாரணைப் பிரிவா சார்? வணக்கம் சார்" என்றான். அந்தக் குரலை ஒக்ஜு இதுவரை கேட்டதே இல்லை. "டேஜோன் கிளை மேனேஜர் குக் தால்சு பேசறேன் சார். இப்போ நான் கொஞ்சம் சத்தமா பேசினேன்... கோபத்துல இல்ல சார், அக்கறையில பேசினது. ஒக்ஜு அம்மா எங்க கிளையில ரொம்ப நல்ல ஊழியர். இல்லையாம்மா? சொல்லும்மா."

இந்த ஆளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒக்ஜுவுக்கு மெல்லப் பிடிபட்டது.

"சார், எல்லாம் உங்க காதுக்கு வந்திருக்கும். நான் மறைக்க விரும்பல" என்று அவன் தொடர்ந்தான். வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "சூசோக்ல வீடெல்லாம் பூட்டியிருக்கும்னு மண்டல இயக்குநர்கிட்ட நான் முதல்லயே சொன்னேன் சார். அவர்தான் எப்படியாவது கணக்கை முடின்னாரு. மேல சொன்னதை நான் கீழ சொன்னேன், அவ்வளவுதான். என் சொந்த யோசனை இல்ல சார் அது. நான் நடுவுல மாட்டினவன்."

"அப்போ, போகாத வீட்டுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னது நீங்கதானே சார்?" என்று கேட்டாள் ஒக்ஜு. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"ஆமாம்மா, சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். நான் எப்போ இல்லைன்னேன்?"

"திங்கட்கிழமை இல்லைன்னீங்களே சார். எல்லார் முன்னாடியும்."

"அது... அவங்க மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னு சொன்னது. சார், அதைத் தப்பா எடுத்துக்காதீங்க."

"என் பையன் பள்ளிக்கூடத்தைப் பத்தி இப்போ சொன்னீங்களே, அதுவும் மேல சொல்லித்தான் சொன்னீங்களா?"

"ஐயோ அம்மா, அது ஒரு பேச்சுக்கு! நாளைக்கே அந்தத் தாய்மார் குழுவுல நானே மன்னிப்பு எழுதறேன். உங்க பேரு ஒரு இடத்துலயும் வராது. சார், கேக்கறீங்களா? இவங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்."

அவன் நிறுத்தினான். மேலிடத்திலிருந்து ஒரு 'ம்' வரும் என்று காத்திருந்தான். நடையின் கோடியில் எவர் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"

துப்பிய கையுறையை ஒக்ஜு குனிந்து எடுத்தாள்.

"ஒக்ஜு அம்மா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "லைன்ல யாரு?"

"நான்தான் சார்."

"உன்கூட யாரு?"

"யாரும் இல்ல சார். நான் மட்டுந்தான்."

சிவப்பில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒக்ஜு அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவன் இன்னும் ஏதாவது சொல்வானோ என்று போனைக் கையில் ஏந்தியபடி நின்றாள்.